சுகர் மாத்திரை போட்டதும் வயிறு கலக்குகிறதா?

அம்மாவுக்கு 61 வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மெட்ஃபார்மின் 500, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவை ஒழுங்கு செய்தபோதுதான் பார்த்தேன், தீர்ந்திருக்க வேண்டிய அட்டைகளில் பாதிக்கு மேல் மாத்திரை அப்படியே இருந்தது. கேட்டால், "காலையில அதைப் போட்டா வயிறு கலக்குதுடி. பஸ்ல ஏறவே பயமா இருக்கு. இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று ஒன்றையும் விடாதவர் மூன்று மாதமாக வாசல் தாண்டாததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை மறைத்து வைப்பவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். வயிற்றுத் தொந்தரவுக்குப் பெரும்பாலும் வழி உண்டு. மாத்திரை போடாமல் ஏறிக் கிடக்கும் சர்க்கரைதான் சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும். அம்மாவோடு இந்த நான்கு வருடத்தில் கற்றுக்கொண்டதையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் பயத்தை விடுங்கள். மெட்ஃபார்மின் புது மருந்து இல்லை. பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957-இல் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அன்றிலிருந்தே அது வயிற்றைக் கலக்கும் என்பது தெரிந்த விஷயம். மருந்து ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகக் குடல் சுவரில் தங்குகிறது. அதனால்தான் குமட்டல், உப்புசம், பேதி, பசியின்மை எல்லாம் வருகின்றன. 100 பேர் போட்டால் 20, 25 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குடல் பழகிவிடும். தாங்கவே முடியாமல் மருந்தை மாற்ற வேண்டியவர்கள் 100-க்கு 5 பேர் அளவுதான்.

2. வெறும் வயிற்றில் மெட்ஃபார்மின் போடாதீர்கள். எங்கள் வீட்டுக் கோளாறே இதுதான். அம்மா காலை ஆறு மணிக்கு ஃபில்டர் காபியோடு மாத்திரையை விழுங்கிவிடுவார். குளித்து, பூஜை முடித்து, இட்லித் தட்டை எடுத்து வைக்கும்போது மணி ஒன்பதாகியிருக்கும். மூன்று மணி நேரம் காலி வயிற்றில் மாத்திரையும் காபியும் மட்டும்! "சாப்பாட்டோடு போடுங்கள்" என்று டாக்டர் சொன்னதை அம்மா "காலையில் போடுங்கள்" என்று எடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரையைக் காபி டம்ளர் பக்கத்திலிருந்து எடுத்து, சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைத்தோம். இரண்டு இட்லி உள்ளே போன பிறகு மாத்திரை, அதன் பிறகு இன்னும் ஓர் இட்லி. ஒரே வாரத்தில் பாதித் தொந்தரவு குறைந்தது. ஒரு விஷயம்: கிளிமிபிரைடு கலந்த கூட்டு மாத்திரையாக இருந்தால் போடும் நேரம் வேறாக இருக்கலாம். அதை எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

3. அளவை மெல்ல ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். 500 மில்லிகிராமில் ஒன்று மட்டும், ராத்திரிச் சாப்பாட்டோடு தொடங்கி, வாரம் ஒரு மாத்திரை என்று கூட்டிக்கொண்டு போவது வழக்கமான முறைதான். எடுத்த எடுப்பில் 1000 போட்டு வயிறு போனால், "கொஞ்சம் குறைத்துத் தொடங்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. நீங்களே பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏன் என்பது அடுத்த குறிப்பில்.

4. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மருந்தை மெல்ல மெல்ல வெளியே விடும் மாத்திரை. வயிற்றுக்கு இதம். சாதா மாத்திரை ஒத்துக்கொள்ளாத பலருக்கு இது ஒத்துக்கொள்கிறது. அம்மாவுக்குப் பெரிய நிம்மதி தந்தது இந்த மாற்றம்தான். ஆனால் இதை உடைக்கவோ, கடிக்கவோ, பொடித்துத் தண்ணீரில் கலக்கவோ கூடாது. மெல்ல வர வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். இன்னொன்று, மலத்தில் மாத்திரை அப்படியே வந்ததுபோல ஒரு வெள்ளைக் கூடு தெரியலாம். மருந்து கரைந்து போன வெறும் ஓடு அது. "செரிக்கவே இல்லை" என்று பயந்து இன்னொன்று போட்டுவிடாதீர்கள். பெரிய மாத்திரையை விழுங்க முடியாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடமோ மாத்திரை வாங்குகிறவர்களும் வயிற்றுத் தொந்தரவை அவர்களிடமே சொல்லலாம். வேறு வகை உண்டா, நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்வார்கள்.

5. முதல் மூன்று வாரம் சமையலைக் கொஞ்சம் மாற்றுங்கள். பூரி, வடை, காரச் சட்னி, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றைத் தள்ளி வைத்துவிட்டு இட்லி, இடியாப்பம், சுரைக்காய்க் கூட்டு, பீர்க்கங்காய், புடலங்காய் என்று போங்கள். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை ஐந்து சின்ன வேளையாகப் பிரித்தாலே குமட்டல் குறையும். மோரை நன்றாக நீர்க்க அடித்து, ஒரு சிட்டிகை பெருங்காயமும் வறுத்துப் பொடித்த சீரகமும் போட்டுக் குடிக்கலாம். பாலும் பால் காபியும் குடித்தால் வயிறு கடமுட என்கிறது என்றால் ஒரு வாரம் குறைத்துப் பாருங்கள்.

வயிறு சரியில்லை என்றால் நம் வீடுகளில் உடனே அரிசிக் கஞ்சிதான். அது வயிற்றுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லதில்லை. வெறும் அரிசிக் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். நான் செய்வது இப்படி: ஒரு பிடி நொய்யரிசிக்கு அரைப் பிடி வறுத்த பாசிப்பருப்பு, கால் ஸ்பூன் சீரகம், சின்னத் துண்டு இஞ்சி, நான்கு டம்ளர் தண்ணீர். குக்கரில் நான்கு விசில். உப்புப் போட்டு மசித்து ஒரு டம்ளர் மட்டும். பருப்பு சேர்வதால் சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்படும், வயிறும் தாங்கும். பேதி ஆகும் நாட்களில் தொட்டுக்கொள்ள வாழைக்காயை வேகவைத்து, மிளகு தூவிக் கொடுங்கள்.

6. புது மாத்திரை தொடங்கிய மாதத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். சர்க்கரை வந்துவிட்டது என்றதும் பக்கத்து வீட்டு அக்கா ஊறவைத்த வெந்தயம் சொல்வார், மாமா பாகற்காய்ச் சாறு சொல்வார், யாராவது ஆவாரம்பூப் பொடி கொண்டுவந்து கொடுப்பார். அன்பால் சொல்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் வெந்தயத்தைக் கை நிறையத் தின்றால் அதுவே வயிற்றைக் கலக்கும், உப்பவும் வைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் வயிறு போனதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. பழி கடைசியில் மாத்திரைமேல் விழும், அதுதான் நிறுத்தப்படும்.

7. "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய மிட்டாய், பிஸ்கட், தீபாவளி இனிப்புகளின் பின்பக்கத்தைப் படியுங்கள். மால்டிடால், சார்பிடால் என்று இருந்தால் அவை குடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. கொஞ்சம் அதிகமானால் வாயுவும் பேதியும் நிச்சயம்.

8. மாத்திரை போட்டதிலிருந்து வயிறு பந்துபோல் உப்புகிறது, காற்று பிரிந்துகொண்டே இருக்கிறது என்றால், அட்டையில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் வோக்ளிபோஸ் பெரும்பாலும் இருக்கும். சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலில் சீக்கிரம் உடையாமல் தடுப்பதுதான் இதன் வேலை. உடையாமல் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. ஆகவே தட்டில் சோறு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு வாயு. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். மொச்சை, கொண்டைக்கடலை, ராஜ்மாவைக் கொஞ்ச நாள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொந்தரவும் வாரக்கணக்கில் குறையக்கூடியதுதான்.

9. இது வயிற்றுக் குறிப்பு இல்லை, ஆனால் மேலே சொன்ன மாத்திரை போடுகிறவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மருந்தோ இன்சுலினோ கூட இருந்து, குமட்டலால் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் எடுப்பவருக்கு அப்போது சீனியும் சாக்லேட்டும் கொடுத்தால் சீக்கிரம் வேலை செய்யாது. அந்தச் சீனி உடைவதையும் மருந்து தடுத்துவிடும். குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். 15 கிராம் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அம்மாவின் கைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் எப்போதும் இருக்கிறது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

10. வாரம் ஒருமுறை போடும் ஊசிகள், அதாவது செமாக்ளூடைடு, டிர்செபடைடு முதலியவை, இப்போது நம் ஊர்களிலும் பலர் போடுகிறார்கள். டிர்செபடைடு 2025 மார்ச்சில்தான் இந்தியாவுக்கு வந்தது. இவை இரைப்பையிலிருந்து சாப்பாடு கீழே இறங்குவதை மெதுவாக்குகின்றன. அதனால் பழைய அளவுக்குச் சாப்பிட்டால் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கும், குமட்டும், சிலருக்கு வாந்தியும் வரும். ஊசி தொடங்கும்போதும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் சில நாள் இப்படி இருக்கும்.

தட்டையே மாற்றுங்கள், சின்னத் தட்டு. மெதுவாக மென்று, "போதும்" என்று வயிறு சொன்ன இடத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை வீணாக்கக் கூடாதே என்று உள்ளே தள்ளும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. இந்த ஊசி போடும்போது அது வாந்தியில்தான் முடியும். பொரித்தது, நெய் மிதக்கும் பிரியாணி எல்லாம் ஊசி போட்ட மறுநாள் வேண்டாம். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். பேதிக்குப் பதிலாக மலச்சிக்கலும் வரலாம். தண்ணீர், கீரை, நடை மூன்றையும் கூட்டுங்கள். எண்டோஸ்கோப்பிக்கோ மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்கோ போனால், இந்த ஊசி போடுவதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கக்கூடும்.

11. செமாக்ளூடைடு மாத்திரையாகவும் வருகிறது. அதற்கு விதி நேர் எதிர். காலையில் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேல் போகாமல் அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். மெட்ஃபார்மினோ சாப்பாட்டுக்கு நடுவில். எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் இருந்தால் இதில் ஒன்று நிச்சயம் தப்பாகப் போகும். இரண்டு டப்பா வைத்து, ஒன்றில் "எழுந்ததும்", மற்றதில் "சாப்பிடும்போது" என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

12. வாயில் இரும்பைச் சப்பியதுபோல ஒரு ருசி மெட்ஃபார்மினால் வரும். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து, ஒரு கிராம்போ ஏலக்காயோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். சில மாத்திரைகளில் மீன் கவிச்சி அடிக்கும். சைவக்காரர்களுக்கு அந்த வாடையே குமட்டலைக் கொண்டுவரும். மேலே பூச்சு உள்ள மாத்திரை கிடைக்குமா என்று மருந்துக் கடையில் கேளுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

13. பயணம். அம்மாவை வீட்டிலேயே கட்டிப்போட்டது இந்தப் பயம்தான். வெளியூர் போகும் நாளில் காலை மாத்திரையை அப்படியே விட்டுவிடுவதைவிட, ராத்திரிக்கு மாற்றலாமா என்று முந்தின வாரமே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். முடிந்தவரை ரயிலில் போங்கள், கழிப்பறை இருக்கும். பேருந்து என்றால் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியோ தயிர்சாதமோ வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி, சோப்புத் துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர் ஒரு பையில் இருந்தால் மனம் பாதி அடங்கும். கூடப் போகிறவர்கள் தயவுசெய்து கேலி பேசாதீர்கள். ஒருமுறை சிரித்துவிட்டால் அவர் அடுத்த கல்யாணத்துக்கு வரமாட்டார், மாத்திரையும் போடமாட்டார்.

14. பேதியானால் இழந்த தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுங்கள். "சுகர் இருக்கிறதே, ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?" என்று பலர் தயங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவன முறைப்படி செய்த பொடியில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. உப்பைக் குடல் உறிஞ்ச அது தேவை. உடம்பு வற்றிப் போவது அதைவிட ஆபத்து. மடக்கு மடக்காகக் கொடுத்து, மீட்டரில் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் இளநீரையும் ஓ.ஆர்.எஸ்.-ஐயும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

15. வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நேரங்கள் இவை. வாந்தியோ பேதியோ நிற்காமல், குடித்தது எதுவும் தங்காமல் போவது. மலத்தில் ரத்தம். காய்ச்சல். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராமை. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி எழுந்து முதுகுக்குப் பாய்வது. மூச்சு வேகமாக வாங்குவது, அசந்து அசந்து தூங்குவது. உடம்பு வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவற்றையும் அப்படித்தான். இந்த இரண்டாவது வகை எடுப்பவருக்கு வாந்தியும் வயிற்று வலியும் வந்தால், மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாவிட்டாலும் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். மருத்துவமனையில் மருந்தின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

16. பல வருடம் ஒழுங்காகப் போட்டுவந்த மாத்திரை திடீரென்று வயிற்றைக் கலக்கினால், மாத்திரைமேல் மட்டும் பழி போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். மெட்ஃபார்மின் தாமதமாகவும் பேதியைத் தரும், உண்மைதான். ஆனால் தைராய்டு, குடல் தொற்று, கணையக் கோளாறு, நீண்ட நாள் சர்க்கரையால் குடல் நரம்பு கெடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. எடையும் குறைந்துகொண்டே போனால் காத்திருக்கவே கூடாது.

17. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடல் அதை உறிஞ்சுவதை இந்த மருந்து குறைக்கிறது. கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் வேலை என்று நினைத்துவிடுகிறோம். சில சமயம் அது பி12 குறைவாகவும் இருக்கும், அதற்கு மருந்து எளிது. முட்டை, மீன் தொடாத சைவ வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

18. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை போட்ட நேரம், அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டது, எத்தனை முறை வெளிக்குப் போனது, அவ்வளவு போதும். அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். காபி விஷயம் பிடிபட்டதே அதில்தான். டாக்டர் அறைக்குள் பேசக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டிவிடலாம்.

அம்மா இப்போது ராத்திரிச் சாப்பாட்டோடு எஸ்.ஆர். மாத்திரை போடுகிறார். எப்போதாவது ஒருநாள் வயிறு உப்பும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாராவது சுகர் மாத்திரை போடுகிறார் என்றால், இன்று ஒருமுறை அவருடைய அட்டைகளை எண்ணிப் பாருங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால் திட்டாதீர்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த மிச்ச மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.